வண்ணம் பூசுமுன்

என் அறை மேசைமேல் 8 சென்டிமீட்டர் நீளமுள்ள போர்க்கப்பல் ஒன்று நிற்கிறது. திருமண ஓலை கேட்டு வருவோரும் திருமுழுக்குச் சான்றிதழ் வாங்க வருவோரும் அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் போவதில்லை. மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள், "ஃபாதர், இது ஓடுமா?" என்று கேட்கிறார்கள். கடலுக்குப் போகிற பெரியவர்கள் மட்டும் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கப்பல் நல்லா இருக்கு ஃபாதர்; அலைதான் சரியில்லை" என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அந்தப் பிழையான அலையை வைத்தவன் நானே. அதை மாற்றாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2014ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 2016 ஜூன் வரை, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத் நகரில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றினேன். அது கடற்படை நகரம். 1805இல் டிரஃபால்கர் போரில் நெல்சன் நின்ற 'விக்டரி' கப்பல் அங்கேதான் இருக்கிறது. 1545இல் மூழ்கி, 1982இல் மீண்டும் மேலே கொண்டுவரப்பட்ட 'மேரி ரோஸ்' கப்பலின் எஞ்சிய பாதியும் அங்கேதான் இருக்கிறது. கடற்கரை ஊரில் பிறந்த எனக்கு அந்த நகரம் பிடித்துப் போயிருக்க வேண்டும். ஆனால் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும் ஊரில், திருப்பலி முடிந்தபின் பேச ஆளின்றி, மழை தட்டும் சன்னலோரம் உட்கார்ந்திருப்பது எளிதன்று. தனிமை என்ற சொல்லுக்குக் குருமடத்தில் நான் எழுதிய விளக்கமெல்லாம் அங்கே உதவவில்லை.

அப்போதுதான் அந்தப் பெரியவர், வாரநாள் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, "ஃபாதர், தேநீர் குடிக்க வருகிறீர்களா?" என்று கேட்டார். கப்பல்துறையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்துமூன்று. அவருடைய வீட்டின் பின்னறைச் சுவர் முழுவதும் கண்ணாடி அடுக்குகள். அவற்றில் வரிசை வரிசையாகச் சிறு கப்பல்கள் நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டுக் கடல் இருந்தது.

இச்சிற்றுருக் கப்பல்களுக்கும் அந்நகருக்கும் பழைய உறவு உண்டு. உலகின் போர்க்கப்பல்களையெல்லாம் தொகுத்து 1898இல் நூலாக வெளியிட்ட ஃபிரெட் டி. ஜேன் என்பவர், போர்ட்ஸ்மவுத்தின் ஒரு பகுதியான சவுத்சீயில் வாழ்ந்து 1916இல் அங்கேயே மறைந்தவர். சிறு கப்பல்களை மேசைமேல் நகர்த்தி ஆடும் கடற்போர் விளையாட்டு ஒன்றையும் அவர் உருவாக்கினார். கடற்படை அதிகாரிகளும் அதை ஆடினர். இரண்டாம் உலகப் போரின்போது, தூரத்தில் தெரிவது நட்புக் கப்பலா பகைக் கப்பலா என்று மாலுமிகள் அடையாளம் காணப் பழகியதும் இத்தகைய சிற்றுருக்களைக் கொண்டுதான். உண்மைக் கப்பலின் 1200இல் ஒரு பங்கு என்ற அளவு அக்காலத்தில் பெரிதும் வழங்கியது. என் பெரியவரும் அந்த அளவையே கைக்கொண்டிருந்தார்.

இவை மரத்தில் செதுக்கப்படுபவை அல்ல, வார்க்கப்படுபவை. கப்பலின் உடல் பெரும்பாலும் ரெசின் என்னும் செயற்கைப் பிசினால் ஆனது. இரண்டு திரவங்களைக் கலந்து ரப்பர் போன்ற அச்சில் ஊற்ற, அது இறுகிக் கட்டியாகிறது. பீரங்கி, புகைபோக்கி, கம்பம் போன்ற நுண்பொருள்கள் வெள்ளீயம் கலந்த மெல்லிய உலோகத்தால் ஆனவை. இவையெல்லாம் ஒரு பெட்டிக்குள் தனித்தனித் துண்டுகளாகவே வருகின்றன. பெட்டியைத் திறந்ததும் அதில் ஒரு கப்பலைக் காண முடியாது. சாம்பல் நிறக் கட்டி ஒன்றும், முள்ளும் துரும்புமாய்ச் சில உலோகத் துண்டுகளும் கிடக்கும். அவற்றைக் கப்பலாக்கி, கடலில் நிறுத்தி, வண்ணத்துக்கு ஆயத்தமாக்குவதே பெரிய வேலை. "வண்ணம் பூசுவது எல்லாருக்கும் பிடிக்கும் ஃபாதர். அதற்கு முந்தியதைச் செய்யத்தான் ஆள் கிடைப்பதில்லை" என்பார் அவர்.

முதல் நாள் எனக்கு ஒரு நாசகாரிக் கப்பலைக் கொடுத்தார். இன்று என் மேசைமேல் நிற்பது அதுதான். கப்பலின் உடலை வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு துளி விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி ஓர் இரவு காயவைக்கச் சொன்னார். எனக்கு அது வீண்வேலையாகப் பட்டது. பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கிறது? ஞாயிறு மறையுரைக்கும் ஆயத்தம் செய்யவேண்டியிருந்த அவசரத்தில், கழுவாமலே ப்ரைமர் அடித்தேன். மறுநாள் அதன்மேல் நீலச் சாம்பல் வண்ணமும் பூசினேன். அழகாகத்தான் இருந்தது. கீழ்ப்பகுதியை வேறு நிறத்தில் பூசுவதற்காக ஒட்டுநாடா ஒட்டி உரித்தபோது, அதனோடு சேர்ந்து வண்ணமும் ப்ரைமரும் வாழைப்பட்டைபோல் உரிந்து வந்தன.

பெரியவர் சிரிக்கவில்லை. வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காக, அச்சின் உட்புறத்தில் ஒருவகை எண்ணெய் தடவுவார்கள். அது கண்ணுக்குத் தெரியாமல் ரெசின்மேல் தங்கிவிடும் என்று விளக்கினார். "உங்கள் வண்ணம் கப்பலில் ஒட்டவே இல்லை ஃபாதர். எண்ணெயில்தான் ஒட்டியிருந்தது."

அந்தச் சொல் அப்போது எனக்கு வெறும் தொழில் நுணுக்கமாகத்தான் கேட்டது.

அந்தக் குளிர்காலம் முழுவதும், வாரத்தில் இரண்டு மாலைகள் அவருடைய மேசையில் கழிந்தன. உலோகத் துண்டுகளில், அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். ஓரங்களில் தகடுபோல் உலோகம் பிதுங்கி நிற்கும். கத்தியின் முதுகால் சுரண்டியும் ஊசிபோன்ற சிறு அரங்களால் தேய்த்தும் அதை நீக்கவேண்டும். எது பிசிறு, எது கப்பலின் உறுப்பு என்று அறியாதவன் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தையே அராவி எறிந்துவிடுவான். நானும் ஒருமுறை எறிந்தேன். அன்றுமுதல் கப்பலின் வரைபடத்தையும் புகைப்படத்தையும் பார்த்த பின்பே அரத்தைத் தொடப் பழகினேன். வளைந்த கம்பத்தை நிமிர்த்தும்போது ஒரே திசையில், கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தவேண்டும். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும். ரெசினை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. எனவே உப்புத்தாளை நனைத்தே தேய்க்கவேண்டும். காற்றுக் குமிழிகள் விட்டுச்சென்ற குழிகளை, நம் வீடுகளில் குழாய்க் கசிவை அடைக்கும் எம்-சீல் போன்ற இருகூட்டுப் பசையால் நிரப்பி மட்டப்படுத்தவேண்டும். பசை தொடுமுன் ஒவ்வொரு துண்டையும் உரிய இடத்தில் வெறுமனே பொருத்திப் பார்க்கவேண்டும். பொருந்தாததைப் பசை பொருத்திவிடும் என்று நம்புவது வீண்.

எல்லாவற்றிலும் கடினமானது அடிப்பலகை. 'பீடம்' என்று எழுதவே கை வருகிறது. ஆனால் நமக்கு அச்சொல் வேறொன்றுக்கு உரியது. இக்கப்பல்களுக்கு நீர்மட்டத்துக்குக் கீழே உடல் கிடையாது. கடல்மேல் தெரியும் பகுதி மட்டுமே வார்க்கப்படுகிறது. எனவே கடலை நாம்தான் கொடுக்கவேண்டும். முதலில் கப்பலின் அடிப்புறம் சமமாக இருக்கவேண்டும்: கண்ணாடித் தகட்டின்மேல் நனைந்த உப்புத்தாளை விரித்து, கப்பலை எட்டு என்ற எண்ணின் வடிவில் மெல்லத் தேய்ப்பார் பெரியவர். ஒரே போக்கில் தேய்த்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பிறகு, ஓரங்கள் சரிவாகச் சீவப்பட்ட பிளாஸ்டிக் தகட்டைக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் கப்பலை ஒட்டி, சுற்றிலும் ஓவியர்கள் பயன்படுத்தும் கெட்டியான அக்ரிலிக் கூழைத் தடவி, விறைத்த தூரிகையால் குத்திக் குத்தி அலைகளை எழுப்புவார். கப்பலுக்கும் கடலுக்கும் இடையில் மயிரிழை அளவு இடைவெளியும் இருக்கக் கூடாது. "கப்பலைக் கடல்மேல் வைக்காதீர்கள் ஃபாதர், கடலுக்குள் வையுங்கள்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பாடம்.

நான் கடற்கரையில் பிறந்தவன். எனக்கா கடலைச் சொல்லித் தருவது? கழுவி, மீண்டும் ப்ரைமர் அடித்த என் நாசகாரிக்கு அருமையாக ஓர் அலையை எழுப்பினேன். அணியத்தின் இருபுறமும் கடல் பொங்கிச் சீறியது. பெரியவர் அளவுகோலை எடுத்து என் அலையை அளந்தார். 1 சென்டிமீட்டர். "இந்த அளவில் இது 12 மீட்டர் உயர அலை. உங்கள் கப்பல் இந்நேரம் மூழ்கியிருக்கும்" என்றார். 3 மீட்டர் உயரமுள்ள அலை, எங்கள் வள்ளங்களை நடுங்கவைக்கும் அலை, அங்கே 2.5 மில்லிமீட்டர்தான். நான் அறிந்த கடல் பெரியதாக இருந்தது; ஆனால் அது என் கடல், அந்தக் கப்பலின் கடல் அன்று.

அடுக்கின் மேல்தட்டில் திறக்கப்படாத பெட்டி ஒன்று இருந்தது. பல வாரங்கள் கழித்து அதைப் பற்றிக் கேட்டேன். "அது ஹூட்" என்றார். அதன்மேல் வேறொன்றும் சொல்லவில்லை.

'ஹூட்' என்ற பெயரை அந்நகரில் எவரும் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். 1920இல் கடற்படையில் சேர்ந்தபோது உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல் அதுவே. நீளம் 262 மீட்டர். 1924இல் உலகைச் சுற்றி வந்த பயணத்தில் நம் திருகோணமலைத் துறைமுகத்திலும் அது நங்கூரமிட்டது. 1941 மே 24 விடியற்காலை, கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலுள்ள டென்மார்க் நீரிணையில், ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' கப்பலோடு மோதியது. சண்டை தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் வெடித்து, இரண்டாகப் பிளந்து மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் 1418 பேர். பிழைத்தவர்கள் 3 பேர்.

மாண்ட 1415 பேரில் ஒருவர் பெரியவரின் தந்தை. பெரியவர் பிறந்தது அவ்வாண்டு செப்டம்பரில். தந்தையின் முகத்தை மகனும், மகனின் முகத்தைத் தந்தையும் பார்க்கவில்லை. அடக்கம் செய்ய உடலும் இல்லை. சவுத்சீ கடற்கரையிலுள்ள கடற்படை நினைவுத் தூணடியில், வெண்கலப் பலகையில் ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

தந்தை விட்டுச்சென்றது ஒரே ஒரு பொருள்: ஈயத்தில் வார்த்த, விரல் நீளமுள்ள சிறு கப்பல். அவருடைய தாய் அதைக் கண்ணின் மணிபோல் எண்ணி, ஓக் மரத்தில் செய்த சிறு பேழையில் பூட்டி வைத்தார். மகன் தொடவும் விடவில்லை, தாமும் திறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தாய் இறந்தபின் மகன் அதைத் திறந்தபோது, உள்ளே கப்பல் இல்லை. உதிர்ந்த வெண்பொடி மட்டுமே கிடந்தது. ஓக் போன்ற மரங்களிலிருந்து அமில ஆவி மெல்ல வெளியேறும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அது தேங்கி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும். அருங்காட்சியகங்களில் பழைய கப்பல் மாதிரிகளின் ஈய உறுப்புகள் இவ்வாறே அழிந்திருக்கின்றன. அந்தப் பொடி நஞ்சு. வெறுங்கையால் தொடக் கூடாது. தந்தையின் நினைவாக எஞ்சியதைக் கையில் எடுத்து முத்தமிடவும் மகனுக்கு முடியவில்லை.

"காப்பாற்ற வைத்த பெட்டியே தின்றுவிட்டது ஃபாதர்" என்றார்.

நான் இறையியல் படித்தவன். இறப்பு, உயிர்ப்பு, நிறைவாழ்வு ஆகியவை பற்றித் தேர்வு எழுதியவன். நூற்றுக்கணக்கான அடக்கச் சடங்குகளில் மறையுரை ஆற்றியவன். உடனே வாய் திறந்தேன். கடவுளிடம் எதுவும் அழிவதில்லை என்றேன். கடல் தன்னிடமுள்ளோரை ஒருநாள் திருப்பித் தரும் என்றேன். அவருடைய தந்தை அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றேன். இவற்றில் எதுவும் பொய்யன்று. இன்றும் இவற்றை நம்புகிறேன். ஆனால் பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து, தேநீர்க் குவளைகளைக் கழுவப் போய்விட்டார். அடுத்த இரண்டு வாரம் அவர் என்னை அழைக்கவில்லை.

அந்த இரண்டு வாரமும், உரிந்து வந்த அந்த நீலச் சாம்பல் வண்ணம் என் கண்முன் நின்றது. எழுபத்துமூன்று ஆண்டுத் துயரத்தின்மேல், அது எதனால் ஆனது, எங்கே வளைந்திருக்கிறது, எங்கே குழி விழுந்திருக்கிறது என்று கைவைத்துப் பாராமல், ஒரு நிமிடத்தில் வண்ணம் பூசியிருந்தேன். நல்ல வண்ணம்தான். ஆனால் அது அவரில் ஒட்டவில்லை.

மூன்றாம் வாரம் நானே போய்க் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவன், "ஏதாவது அராவ இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். அவர் ஒரு பெட்டியை நீட்டினார். அதற்குப்பின் ஓராண்டுக்கு மேல் அந்த மேசையில் நான் கேட்பவனாக மட்டுமே இருந்தேன். கைகள் வேலை செய்யும்போது மனிதர்கள் பேசுகிறார்கள். முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கப்பலைப் பார்த்துச் சொல்கிறார்கள். தந்தை இல்லாப் பள்ளி நாள்களையும், மறுமணம் செய்யாத தாயின் கோபத்தையும், தந்தை இறந்த வயதைத் தாம் கடந்த நாளில் தமக்கு வந்த குற்ற உணர்வையும் துண்டு துண்டாகச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. பதில் வேண்டி அவர் அவற்றைச் சொல்லவுமில்லை.

2016 பிப்ரவரியில் ஒருநாள் அந்தப் பெட்டியை இறக்கி என்முன் வைத்தார். அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கி மாதங்கள் ஆகியிருந்தன. "இனி என்னால் முடியாது. உங்கள் கையால் செய்யுங்கள், நான் சொல்கிறேன்" என்றார். ஹூட்டின் மணியைக் கடலடியிலிருந்து முந்தின ஆண்டு ஆகஸ்டில் மீட்டிருந்தார்கள். அவ்வாண்டு மே 24 அன்று, எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவாக, போர்ட்ஸ்மவுத் அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட இருந்தது. அதற்குமுன் கப்பலைக் கடலில் நிறுத்திவிடவேண்டும் என்று விரும்பினார்.

பெட்டியைத் திறந்தோம். 22 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த ரெசின் உடல். நான்கு பீரங்கிக் கூண்டுகளும், கூண்டுக்கு இரண்டாக எட்டுப் பீரங்கிகளும், கம்பங்களும், படகுகளும் உலோகத்தில். நீண்ட காலம் கிடந்ததால் கப்பலின் அணியம் மேல்நோக்கி வளைந்திருந்தது. அந்த வார்ப்பு இப்போது கிடைப்பதில்லை, உடைந்தால் மாற்றில்லை. ஆவி பறக்கும், ஆனால் கொதிக்காத நீரில் கப்பலை அமிழ்த்தி, இளகும்வரை பொறுத்து, எடுத்துக் கண்ணாடித் தகட்டின்மேல் அழுத்தி, அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கவேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல்முறை பாதி வளைவு போயிற்று. "போதும். மீதி நாளைக்கு" என்றார். ஒரே நாளில் நிமிர்த்த முயல்பவன் உடைப்பான் என்பதை நானும் அதற்குள் அறிந்திருந்தேன். மூன்று மாலைகளில் கப்பல் நிமிர்ந்தது.

பிறகு அடிப்பலகை. அப்போதுதான் அவர் இத்தனை ஆண்டுகள் அந்தப் பெட்டியைத் திறக்காததன் காரணம் எனக்கு விளங்கியது. பழைய குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் பக்கம் பக்கமாகக் கப்பலின் பின்னால் விரியும் நீர்த்தடத்தின் கோடுகள். ஆழ்கடலில் செல்லும் கப்பலின் தடம், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 19.5 பாகைக் கோணத்தில் விரியும் என்று கெல்வின் பிரபு 1887இல் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கோணத்தில், டென்மார்க் நீரிணையின் கொந்தளிப்பில், முழு வேகத்தில் பாயும் ஹூட்டைப் பெரியவர் எத்தனையோ முறை வரைந்திருந்தார். அலை, நுரை, தடம் எல்லாம் துல்லியம். ஆனால் ஒருமுறைகூட அதைச் செய்ய அவர் துணியவில்லை. அந்தக் கடலில் கப்பலை ஒட்டினால், அடுத்து வரும் நிமிடத்தில் அது வெடிக்கும். கப்பலைக் கடலில் வைப்பது என்றால், அதை எந்த நாளில் வைப்பது என்றும் பொருள். அவருக்கு அந்தக் கப்பலைப் பற்றி ஒரே ஒரு நாள்தான் தெரியும்.

நான் ஏதும் சொல்லவில்லை. சொல்ல வாய்வரை ஒன்று வந்தது; அதை விழுங்கினேன். நீண்ட நேரம் கழித்து அவரே பேசினார். அவருடைய தாய் இளம்பெண்ணாக இருந்தபோது, 1937 மே மாதத்தில், மன்னர் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாக் கடற்படை அணிவகுப்பைக் காண இந்தக் கடற்கரையில் வந்து நின்றாராம். நகருக்கு எதிரேயுள்ள ஸ்பிட்ஹெட் கடலில் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டிருந்தன. ஹூட்டும் அவற்றுள் ஒன்று. அதைச் சுட்டிக்காட்டி, "என் அம்மா சிரித்த கதை அது ஒன்றுதான்" என்றார்.

"அப்படியானால் அலை வேண்டாமே?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். "தடமும் வேண்டாம்."

அமைதியான கடலைச் செய்வது, பொங்கும் கடலைச் செய்வதைவிடக் கடினம் என்பதை அன்று கற்றேன். கொந்தளிப்பில் பிழைகள் மறையும். அமைதியில் தூரிகையின் ஒவ்வொரு தடுமாற்றமும் தெரியும். கூழை மிக மெல்லிதாகத் தடவி, ஈரத் தூரிகையால் நீவி, மீண்டும் நீவி, மூச்சு விட்டால் எழும் சுருக்கம் அளவுக்குச் சிற்றலை வைத்தோம். அணியத்திலிருந்து நீருக்குள் இறங்கும் நங்கூரச் சங்கிலிக்கு மெல்லிய செப்புக் கம்பியை முறுக்கி வைத்தோம்.

கூழ் தடவுமுன், கப்பலைத் தகட்டில் ஒட்டும் வேளையில், அவர் என் கையைத் தடுத்தார். பென்சிலை எடுத்து, கப்பலின் அடிப்புறம் மறைக்கப்போகும் இடத்தில், நடுங்கும் கையால் தம் தந்தையின் பெயரை எழுதினார். இந்த அளவில் ஒரு மனிதனின் உயரம் 1.5 மில்லிமீட்டர்கூட இல்லை. 1418 பேர் வாழ்ந்த கப்பலின் தளத்தில் ஒருவரையும் நிறுத்திக் காட்ட முடியாது. ஆகவே ஒரு பெயரை அடியில் எழுதினார். நான் பசை தடவி, கப்பலை அதன்மேல் இறக்கி, ஓர் இரவு முழுவதும் எடை வைத்தேன். இனி அந்தப் பெயரை யாரும் பார்க்க முடியாது. கப்பலை உடைத்தாலன்றி அழிக்கவும் முடியாது.

மே மாதத் தொடக்கத்தில், ஈரமில்லாத ஒரு நல்ல வெயில் நாள் பார்த்து ப்ரைமர் அடித்தோம். ஒரு சாண் தூரத்திலிருந்து, ஒரே இடத்தில் நிற்காமல், மெல்லிய படலமாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக அடித்தோம். ப்ரைமர் குறைகளை மறைக்காது, காட்டிக்கொடுக்கும். உடலிலும் உலோகத்திலும் வேறுவேறாக இருந்த நிறமெல்லாம் ஒரே சாம்பலாகும்போது, விட்டுப்போன ஒவ்வொரு கோடும் எழுந்து நிற்கும். அன்று எதுவும் எழுந்து நிற்கவில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மே 24 நண்பகலில் ஹூட்டின் மணி எட்டு முறை ஒலித்தது. மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். "கேட்டேன் ஃபாதர்" என்றார். பிறகு, தாமாகவே, "கடல் திருப்பித் தரும் என்று ஒருநாள் சொன்னீர்களே, அதை இப்போது சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். இம்முறை அவர் எழுந்து போகவில்லை.

அடுத்த மாதம் நான் ஊர் திரும்பினேன். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர் எழுதிய மடலில், ஹூட்டுக்கு இன்னும் வண்ணம் பூசவில்லை என்றும், அவசரமில்லை என்றும் எழுதியிருந்தார்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் குமரிக் கடலில் வீசியது. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. நான் வீடு வீடாகப் போனேன். போகும் வழியில் சொற்கள் என் நாவில் ஆயத்தமாக இருந்தன. எல்லாம் நல்ல சொற்கள். எந்த வீட்டிலும் அவற்றை நான் உடனே சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்தேன். கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அழுதவர்களோடு இருந்தேன்.

அடுத்த ஆண்டுத் தவக்காலத்தில், மகனைக் கடலுக்குக் கொடுத்த தாய் ஒருவர் என் அறைக்கு வந்தார். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த கப்பலை எடுத்து, கவிழ்த்துப் பார்த்து, விரலால் அந்தப் பெரிய அலையைத் தடவினார்.

"இவ்வளவு பெரிய அலையா ஃபாதர் இருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியவில்லை அம்மா. நீங்கள் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தம் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.